பொது மீட்டர் பில்: சோலாருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி, கோலாலம்பூர் செந்தூலிலிருந்து. ஆகஸ்ட் 3, 2025

எங்கள் ஃபிளாட்டில் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றப் போகிறார்களாம். பொது மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நான் வீட்டில் தேவையில்லாத விளக்கை அணைத்துவிடுகிறேன், ஏர்கோன் இரவில் மட்டும்தான். எல்லாரும் இப்படி இருந்தாலே போதுமே, கட்டடத்துக்கென்று தனியாகத் திட்டம் எதற்கு? இல்லையென்றால் கூரை முழுக்க சோலார் போட்டுவிட்டால் தீர்ந்தது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு

உங்கள் வீட்டு மீட்டரும் கட்டடத்தின் பொது மீட்டரும் வேறு வேறு. நீங்கள் வீட்டில் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் பொது பில் ஒரு காசு குறையாது. அதில் வருவது நடைவழி விளக்கு, படிக்கட்டு விளக்கு, கார் நிறுத்துமிடம், லிஃப்ட், தண்ணீர் பம்ப், ஜாகா (காவலாளி) கொட்டகை, மண்டபம். இதையெல்லாம் யாரும் "என் கரண்ட்" என்று நினைப்பதில்லை. ஆனால் பணம் எல்லார் பையிலிருந்தும் போகிறது.

முதல் வேலை: மேனேஜ்மென்ட் ஆபீஸில் போய் ஓராண்டு பொது பில்களைக் கேளுங்கள். உரிமையாளர் கேட்டால் கணக்கைப் பார்க்க விட வேண்டும் என்று மலேசியாவின் 2013 கட்டட (ஸ்ட்ராட்டா) மேலாண்மைச் சட்டத்திலேயே இருக்கிறது. முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.

நான் யார் என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் தகுதிச் சான்று பெற்றவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பினாங்கு ஜெலுத்தோங்கில் 17 மாடி ஃபிளாட் ஒன்றில் இருக்கிறேன், கட்டடத்தை நடத்தும் ஜேஎம்பி (கூட்டு மேலாண்மை அமைப்பு) குழுவிலும் இருக்கிறேன். அந்தக் குழுவில் சேர்வது புத்திசாலித்தனம் இல்லை என்று வீட்டில் அன்றைக்கே சொன்னார்கள்.

ஆகஸ்ட் 5

விளக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். பழைய நாலடிக் குழாய் விளக்கு 36 வாட். அதோடு இருக்கும், கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் இரும்புச் சோக்கும் தின்னும். இரண்டும் சேர்ந்து 45 வாட் வரை போகும். அதே வெளிச்சத்துக்கு எல்இடி குழாய் 18 வாட் போதும். வித்தியாசம் 27 வாட். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும்.

ஆனால் கீழ்த்தள கார் நிறுத்துமிடத்தில் வெளிச்சமே வராது. அங்கே விளக்கு 24 மணி நேரமும் எரிகிறது. 27 வாட்டை 24 மணியால், 30 நாளால் பெருக்குங்கள்: ஒரே ஒரு குழாய்க்கு மாதம் 19 யூனிட்டுக்கு மேல். எங்கள் பொது மீட்டர் வீட்டுக் கட்டணத்தில் இல்லை, வீடல்லாத பிரிவில் இருக்கிறது. யூனிட்டுக்குச் சுமார் அரை வெள்ளி (ரிங்கிட்). ஆக ஒரு குழாய்க்கு மாதம் பத்து வெள்ளி. போட்ட பணம் சில மாதத்தில் திரும்பிவிடும். ராத்திரி மட்டும் எரியும் நடைவழி விளக்கில் இதில் பாதி.

அதனால் வரிசை முக்கியம். 24 மணி நேர விளக்கு முதலில், 12 மணி நேர விளக்கு அடுத்து. மண்டபத்தில் மாதம் இரண்டு முறை எரியும் அலங்கார விளக்கைத் தொடவே வேண்டாம். எங்கள் குழுவில் ஒருவர் மண்டபத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அங்கேதானே எல்லார் கண்ணிலும் படும்.

ஆகஸ்ட் 6

நேற்றைய குறிப்புக்கு ஒரு வால். "நாங்களும் எல்இடி போட்டோம், பில் அவ்வளவாகக் குறையவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சோக்கைக் கழற்றினார்களா என்று பாருங்கள்.

எங்கள் கட்டடத்திலும் இது நடந்தது. குத்தகைக்காரர் அனுப்பிய பையன்கள் ஏணியில் ஏறி, பழைய குழாயை எடுத்து, ஸ்டார்ட்டரைப் பிடுங்கி, புதுக் குழாயை மாட்டிவிட்டு இறங்கிவிட்டார்கள். ஒரு விளக்குக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வேகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். உறையைத் திறந்தால் சோக் அப்படியே லைனில் உட்கார்ந்திருக்கிறது, தொட்டால் சூடு. அந்தச் சூடும் நாம் காசு கொடுத்து வாங்கும் கரண்ட்தான். சில மாதத்தில் குழாய்கள் மினுக்க ஆரம்பித்தன. எல்இடி குழாய்க்குள் இருக்கும் டிரைவர் சுற்று பழைய சோக்கோடு சேரவில்லை.

ஆகவே வேலைச் சீட்டில் "சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும், கழற்றிய சோக்குகளை எண்ணி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். ஒப்படைக்கச் சொன்னால்தான் கழற்றுவார்கள். பழைய சாமான் கடையில் செம்புக்கு விலை உண்டு, அந்தக் காசில் வேலையாட்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆகஸ்ட் 6, மாலை

ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு பற்றிக் கேட்டவருக்கு: கார் நிறுத்துமிடத்துக்கு நல்லது. நடைவழியில் முழுதாக அணையும் வகையைப் போடாதீர்கள். ஒன்பதாவது மாடி ஆ சோ (சீன அம்மாள்) ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "இருட்டுக்குள் காலை வைத்தால்தான் வெளிச்சம் வரும் என்றால், அங்கே ஏற்கெனவே நிற்பவன் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஒருவரிடமும் பதில் இல்லை. யாரும் இல்லாதபோது மங்கி, ஆள் வந்தால் பிரகாசமாகும் வகை இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் சண்டை இல்லை. தீ வந்தால் தப்பும் படிக்கட்டு விளக்கைப் பொம்பாவிடம் (தீயணைப்புத் துறை) கேட்காமல் மாற்ற வேண்டாம்.

ஆகஸ்ட் 11

பில்லை வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை என்கிறார் செந்தூல்காரர். புரியாவிட்டாலும் ஒரு வரியைத் தேடுங்கள்: பவர் ஃபேக்டர் அபராதம். இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்பதுதான் பவர் ஃபேக்டர்; முழுதும் போனால் 1. வீட்டு பில்லில் இது வராது, பொது மீட்டரில் வரும். பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போனால், 0.75 வரை ஒவ்வொரு 0.01-க்கும் பில்லில் 1.5 விழுக்காடு கூடும். 0.75-க்கும் கீழே என்றால் ஒவ்வொரு 0.01-க்கும் 3 விழுக்காடு.

உங்கள் கட்டடம் 0.78-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு படி கீழே; பத்தரை விழுக்காடு அபராதம். இதற்கு விளக்கு எரியவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, ஒன்றும் கிடைக்கவில்லை, சும்மா கொடுக்கும் காசு. காரணம் பெரும்பாலும் பழைய சோக், பம்ப் மோட்டார், செத்துப்போன கெப்பாசிட்டர். சுவிட்ச் அறையில் பவர் ஃபேக்டரைத் தூக்கிவிடும் கெப்பாசிட்டர் பெட்டி இருக்கும். அதன் கண்ணாடியில் தூசி படிந்திருந்தால் வருஷக்கணக்கில் யாரும் திறக்கவில்லை என்று பொருள். தகுதி உள்ளவரை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள், நீங்களே கை வைக்காதீர்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

ஆகஸ்ட் 19

பம்ப் கதை. இது கொஞ்சம் நீளம்.

அடுக்குமாடியில் தண்ணீர் முதலில் கீழ்த் தொட்டிக்கு வரும், பம்ப் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து வீடுகளுக்கு இறங்கும். பகலில் பம்ப் அடிக்கடி ஓடினால் அதில் தகவல் இல்லை. எல்லாரும் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஓடினால் தகவல் இருக்கிறது.

கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரையும் ஃபிளாஸ்க்கில் கோப்பியையும் எடுத்துக்கொண்டு பம்ப் அறை வாசலில் உட்கார்ந்தேன். ஜாகாவாக இருக்கும் நேப்பாளத் தம்பி, எனக்கு வீட்டில் சண்டை என்று நினைத்து பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மணிக்கு ஒருவரும் தண்ணீர் திறக்கவில்லை, ஆனால் பம்ப் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறது.

இருவருமாக மொட்டைமாடிக்குப் போனோம். தொட்டியின் நிரம்பல் குழாயிலிருந்து நீர் சத்தமே இல்லாமல் மழைநீர்க் குழாய்க்குள் வழிந்துகொண்டிருந்தது. சத்தம் இருந்திருந்தால் 17-ஆவது மாடிக்காரர்கள் என்றைக்கோ புகார் கொடுத்திருப்பார்கள். பம்ப்பை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச்சின் கம்பி வளைந்து, தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் "இன்னும் ஏற்று" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஓடியதும் நேரக்கட்டுப்பாடு பம்ப்பை நிறுத்தும், கொஞ்சம் கழித்து மறுபடி கிளப்பும். கம்பியை நிமிர்த்தியது கையால்தான்.

ஆகஸ்ட் 20

"அதில் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் லிட்டரை 50 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, கோட்பாட்டில் 0.14 யூனிட் போதும். பம்ப், மோட்டார் இரண்டிலும் பாதி வீணாகிறது என்றால் 0.27 யூனிட். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வழிந்தால் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். மாதத்துக்கு நூற்றுப்பதினேழு யூனிட் போல வரும். சுமார் 60 வெள்ளி.

அவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. கரண்ட்டை மட்டும் பார்த்தால் ஆறு குழாய் விளக்குக்குச் சமம். ஆனால் அதே கசிவில் மாதம் நாலேகால் லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது, அதற்கும் பில் வருகிறது. பம்ப் மோட்டாரும் சீக்கிரம் சாகிறது. பினாங்கில் தண்ணீர் மலிவு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. மின்சாரத்தைத் தேடிப் போய்த் தண்ணீரைப் பிடித்தோம், அதுவும் சரிதான்.

செப்டம்பர் 2

சரி, சோலார். நாலு பேர் கேட்டுவிட்டீர்கள்.

தரை வீட்டுக்காரருக்குச் சோலார் நல்லதுதான். அவர் கூரை அவருடையது, கீழே ஒரு குடும்பம். அடுக்குமாடிக்கு வேறு கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். எங்களைப் போன்ற கட்டடத்தின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் மோட்டார் அறை, ஆண்டெனா, அவற்றின் நிழல் எல்லாம் போக 30 கிலோவாட் போட இடம் கிடைத்தால் பெரிது. மாதத்துக்கு 3,000 யூனிட். கீழே 200 வீடு இருந்தால் வீட்டுக்கு 15 யூனிட். ஒரு காற்றாடி ஓடும் கரண்ட்.

ஆக, கூரை சோலாரால் வீடுகளின் பில் குறையாது. பொது மீட்டருக்கு உதவலாம், அதுவும் பகலில். நடைவழி விளக்கு ராத்திரியில்தானே எரிகிறது? மிச்சத்தைப் பகலில் மின்சார நிறுவனமான டிஎன்பிக்குக் கொடுத்து இரவில் கழித்துக்கொள்ளும் என்இஎம் 3.0 திட்டம் 2025 ஜூன் மாத இறுதியோடு முடிந்துவிட்டது. இப்போது விற்க வரும் குத்தகைக்காரர் பழைய திட்டத்தின் கணக்கை வைத்து "ஐந்து வருஷத்தில் பணம் திரும்பும்" என்றால், எந்தத் திட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், மொட்டைமாடி பொதுச் சொத்து. மேல்மாடிக்காரர் தன் தலைக்கு மேல் இருப்பதால் தன்னுடையது என்று சொல்ல முடியாது. எங்கள் மேல்மாடியில் ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, கசிவை நீங்களே சொந்தச் செலவில் அடைத்துக்கொள்ளுங்கள் என்றதும் அது பொதுச் சொத்தாகிவிட்டது.

செப்டம்பர் 4

சோலார் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். வரிசையில் கடைசி என்கிறேன், அவ்வளவுதான். விளக்கு, பவர் ஃபேக்டர், பம்ப் மூன்றையும் சரிசெய்த பிறகு பொது பில் சுருங்கும். சுருங்கிய பில்லுக்கு ஏற்ற அளவில் சிறிய சோலார் போதும். முதலிலேயே சோலார் போட்டால், சோக்கைச் சூடாக்கத் தேவையான பேனலையும் சேர்த்து வாங்குவீர்கள்.

செப்டம்பர் 13

இரண்டு நாளாக மொட்டைமாடி நினைப்பாகவே இருக்கிறேன். பேனலை விட அங்கே வேறு விஷயம் இருக்கிறது.

மேல்மாடி வீட்டில் இரவு எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், உள்ளே கூரையிலிருந்து வெக்கை இறங்கும். பகல் முழுக்கக் கான்கிரீட் குடித்த வெயில் அது. நாற்காலியில் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்தால் சுடும். அந்த வீடுகளில் ஏர்கோன் கூரையோடுதான் மல்லுக்கு நிற்கிறது, காற்றோடு அல்ல.

2012 திருத்தத்தில் கட்டட விதிகளில் 38ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். குடியிருப்பு உட்பட எல்லாக் கட்டடக் கூரைக்கும் வெப்பம் கடத்துவதற்கு வரம்பு வைத்தது அது. கனமான கூரைக்கு 0.6, இலேசான கூரைக்கு 0.4. எண்ணை விடுங்கள், வெறும் கான்கிரீட் பலகை அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. நம் பழைய ஃபிளாட்டுகள் அந்த விதிக்கு முன்னால் எழும்பியவை, அதனால் யாரும் கேட்பதில்லை.

செலவு குறைந்த வழி வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயிண்ட். ஆனால் விரிசலையும் கசிவையும் முதலில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் உரியும். இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை: நம் மழைக்கும் ஈரத்துக்கும் வெள்ளைக் கூரை கொஞ்ச காலத்திலேயே பாசியும் பூஞ்சையும் பிடித்துக் கறுக்கும். கழுவ ஆள் வேண்டும். கழுவும் செலவையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

சிங்கிங் ஃபண்டிலிருந்து (பெரிய வேலைகளுக்கென்று ஒதுக்கி வைக்கும் நிதி) எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். பொதுச் சொத்துக்குப் பெயிண்ட் அடிப்பதும் பொருத்தப்பட்ட சாமான்களைப் புதுப்பிப்பதும் அந்த நிதியின் வேலை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விளக்கு மாற்றுவதும் இதில் அடங்கும். மாதாந்திரக் கட்டணத்தை ஏற்றித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

செப்டம்பர் 14

மேல்மாடிக்கு மட்டும் பயன் தரும் பெயிண்டுக்கு இரண்டாவது மாடிக்காரர் ஏன் பணம் தர வேண்டும்? நியாயமான கேள்வி. என் பதில்: கூரைக் கசிவுக்கு அவர் ஏற்கெனவே தந்துகொண்டுதான் இருக்கிறார். கசிவு வேலையோடு சேர்த்துச் செய்தால் வெள்ளை நிறத்துக்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான். தனியாகக் கொண்டுபோனால் கூட்டத்தில் தோற்கும். லிஃப்டே ஏறாத தரைத்தளக்காரர் லிஃப்டுக்குப் பணம் தரவில்லையா?

செப்டம்பர் 21

மேற்குப் பக்க வீடுகள். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஆண்டில் கொஞ்ச காலம் வடக்கே சாயும், கொஞ்ச காலம் தெற்கே சாயும். ஆனால் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் தினமும் அடி வாங்கும். மேற்குச் சுவருக்குத்தான் கஷ்டம் அதிகம், காற்றே சூடான நேரத்தில் வெயிலும் சேர்கிறது.

நம் கடிகாரமும் ஒரு காரணம். 1982-இல் தீபகற்பத்தின் நேரத்தை முன்னே தள்ளினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஒன்றேகால் மணி வாக்கில்தான். ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும்போது சுவரில் இன்னும் வெயில் இருக்கிறது. வந்ததும் ஏர்கோன். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணத்தில் நேரத்துக்கு ஏற்பக் கட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வார நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரை விலை கூடிய நேரம். மேற்குப் பக்க வீட்டுக்காரர் அதில் சேர்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்கட்டும்.

உள்ளே திரை போடுவதில் பாதிப் பயன்தான், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. வெளியே மறைப்பு வேண்டும். ஆளுக்கொரு நிறத்தில் தகரம் போட்டால் ஜேஎம்பி கடிதம் அனுப்பும். அதனால்தான் பொதுத் திட்டம் என்கிறேன்: ஒரே மாதிரி, ஒரே நிறம், ஒரே குத்தகைக்காரர், பொறியாளர் பார்த்த பொருத்துமுறை. பத்து வீடு சேர்ந்தால் விலையும் இறங்கும்.

செப்டம்பர் 22

"அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில் ஏர்கோன் இருந்ததா?" என்று ஒரு பெரியவர். இல்லை ஐயா. தகரக் கூரையின் கீழ் மதியம் யாரும் வீட்டில் இருக்கவும் இல்லை. ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீட்டைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நடுவில் திறந்த முற்றம், முன்னால் ஐந்தடிப் பாதையின் நிழல், காற்று தானாக மேலே போகும். உயரமான கட்டடத்திலும் அதைச் செய்ய முயன்றவர் பினாங்கிலேயே பிறந்த கட்டடக்கலைஞர் கென் யியாங். மெக்காலிஸ்டர் சாலையில் 1998-இல் முடிந்த மெனாரா அம்னோவில் காற்றை உள்ளே திருப்ப இறக்கை போன்ற சுவர் வைத்தார். நம் ஃபிளாட்டைக் கட்டியவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

அக்டோபர் 5

இப்போது வீட்டுக்குள் வரலாம். செந்தூல்காரர் முதலில் கேட்டதும் இதுதான்.

ஜூலை 2025 முதல் வீட்டுக் கட்டணம் மூன்று துண்டாக வருகிறது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் என்றால் உற்பத்திக்கு 27.03 காசு (சென்), திறனுக்கு 4.55, கம்பிவடத்துக்கு 12.85, மொத்தம் 44.43 காசு. குறைவாகப் பயன்படுத்துவோருக்குச் சிக்கன ஊக்கத்தொகை உண்டு. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழிவு, ஏற ஏறக் கழிவு குறைந்து 1,000-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். 200 யூனிட்டுக்குள் இருக்கும் சின்னக் குடும்பம் கொடுப்பது யூனிட்டுக்கு 19 காசுதான். அவர்கள் 70 வாட் காற்றாடியைக் கழற்றி 30 வாட் டிசி காற்றாடி போட்டால், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட் மிச்சம். இரண்டு வெள்ளி சொச்சம். காற்றாடி விலையைத் திரும்ப எடுக்க எத்தனை தீபாவளி ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். குறைந்த வருமானக் குடியிருப்புகளில் போய் "மின்சாரம் சேமிப்பீர்" என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் எல்லாரையும் விடக் குறைவாகத்தான் எரிக்கிறார்கள்.

600-ஐத் தாண்டுகிற வீட்டில் பேச்சு வேறு. அங்கே மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் சேரும், எரிபொருள் விலைச் சரிக்கட்டல் சேரும், 600-க்கு மேற்பட்டதற்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். மூன்று ஏர்கோன் ஓடும் வீடு 650-லிருந்து 590-க்கு இறங்கினால் பில்லில் நன்றாகவே தெரியும்.

அக்டோபர் 6

கூட்டாகச் செய்யக்கூடியது ஏர்கோன் சுத்தம் செய்வது. ஒரு மாடிக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் ஆளை வரவழைத்தால் விலை பேசலாம்.

வெளி யூனிட்டை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் பொது விஷயம்தான். எங்கள் கட்டடத்தின் நடுவில் குறுகிய காற்றுக்கூடம் இருக்கிறது, எல்லாரும் அதற்குள்தான் மாட்டியிருக்கிறார்கள். கீழ் வீட்டு யூனிட் கக்கும் சூட்டை மேல் வீட்டு யூனிட் உறிஞ்சுகிறது. 14-ஆவது மாடிக்காரர் ஐந்து நட்சத்திர ஏர்கோன் வாங்கியும் அறை குளிரவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டார். கடைக்காரர் மேல் தப்பில்லை. அவருக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம் ராத்திரி முழுக்க ஊதிக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. நடைவழியில் அலங்கார விளக்கு போட்டதற்கு என்னை யாரும் விசாரிக்க வேண்டாம். எல்இடி சரம்தான், அதுவும் என் வீட்டு மீட்டரில். முறுக்கு சுடும் அடுப்பு கேஸ்.

அக்டோபர் 27

கோலாலம்பூர் அலுவலகங்கள் ஏர்கோனை இப்படி ஓட்டுகின்றனவே, அவற்றுக்கு விதி ஒன்றும் இல்லையா என்று கேட்டவருக்கு. 2011-லேயே அரசு அலுவலகங்களில் ஏர்கோன் 24 பாகைக்குக் குறையக்கூடாது என்று உத்தரவு வந்தது. கட்டடங்களின் எரிசக்திக்கான எம்எஸ் 1525 என்ற மலேசியத் தரக்குறியீடும் 24 முதல் 26 வரை என்கிறது. என் மகள் கோலாலம்பூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நாற்காலியில் ஒரு குளிர்ச்சட்டை எப்போதும் தொங்கும். வெளியே 33 பாகை.

2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்கள், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டில் எவ்வளவு எரிக்கின்றன என்று கணக்கிட்டு முத்திரை வாங்க வேண்டும். ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் எரிக்கும் பெரிய நிறுவனங்கள் எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். நம் ஃபிளாட்டுகளை இது தொடாது. தொடாததில் எனக்கு வருத்தம்தான். பில்லை வாசலில் ஒட்டச் சொல்லி ஒரு சட்டம் இருந்தால் பாதி ஜேஎம்பிகள் அடுத்த மாதமே விளக்கை மாற்றும்.

அக்டோபர் 28

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாமே என்று ஒருவர் சுட்டிக் காட்டினார். உண்மைதான். இன்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்: மாதவாரியாகப் போன ஆண்டு எத்தனை யூனிட், இந்த ஆண்டு எத்தனை யூனிட், அவ்வளவுதான். விளக்கம் எழுதவில்லை. சாயங்காலத்துக்குள் யாரோ பேனாவால் "ஏன் ஏப்ரலில் இவ்வளவு?" என்று கிறுக்கியிருந்தார்கள். இதைத்தான் எதிர்பார்த்தேன். (ஏப்ரலில் நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புக்கு மண்டபம் வரிசையாகப் பதிவானது.)

நவம்பர் 9

யூஎஸ்எம் பல்கலைக்கழகப் பக்கம் அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார்: மாணவர்களிடம் மின்சாரம் சேர்த்து ஒரே வாடகை வாங்குகிறேன், அவர்கள் ஏர்கோனை அணைப்பதே இல்லை, என்ன செய்ய? காசு போட்டால் ஓடும் மீட்டர் பலர் போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் அறையில் ஓடுவது ஏலத்தில் வாங்கிய பழைய ஏர்கோன் என்றால் அதன் ஊதாரித்தனத்துக்கு அந்தப் பிள்ளைகள் பணம் கட்டுகிறார்கள். இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர் என்றிருக்கும் இடத்தில் எந்தச் சேமிப்பும் நடக்காது. எங்கள் ஃபிளாட்டிலும் வாடகை வீடுகள் நிறைய. வெளி மறைப்புக்குக் கையெழுத்து வாங்க உரிமையாளரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

நவம்பர் 16

ஆண்டுக் கூட்டம் இன்று. பாதிப் பேர் வரவேண்டும், வரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தால், வந்திருப்பவர்களே போதும் என்று சட்டம் சொல்கிறது. எல்லாருக்கும் அது தெரியும், அதனால் அரை மணி கழித்துத்தான் வருகிறார்கள். கட்டணம் பாக்கி வைத்தவர்கள் ஓட்டுப் போட முடியாது என்றதும் பின்வரிசையில் சலசலப்பு.

கார் நிறுத்துமிட விளக்கும் கெப்பாசிட்டர் பெட்டியும் நிறைவேறின. நடைவழிக்கு மங்கி எரியும் சென்சார் நிறைவேறியது, ஆ சோ கையைத் தூக்கிய பிறகு. கூரை வேலை கசிவோடு சேர்த்து ஒரே தீர்மானமாகப் போனது. தலைவர் பாக்சிக் (மலாயில் மாமா) "வெள்ளை" என்ற சொல்லையே எடுக்காமல் "நீர்ப்புகாப் பூச்சு" என்று படித்தார், நல்ல தந்திரம். மேற்குப் பக்க மறைப்பு தோற்றது. பொறியாளர் அறிக்கையோடு அடுத்த ஆண்டு மறுபடி கொண்டுவரச் சொன்னார்கள். சோலாரை யாருமே எழுப்பவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

நவம்பர் 18

தீர்மான வாசகம் கேட்டவர்களுக்கு, எங்களுடையது இப்படி: "கீழ்த்தளக் கார் நிறுத்துமிட விளக்குகளை, பழைய சோக், ஸ்டார்ட்டர் நீக்கத்துடன், சிங்கிங் ஃபண்டிலிருந்து மாற்றுவது; வேலைக்கு முந்திய, பிந்திய மாதப் பொது மீட்டர் அளவை அறிவிப்புப் பலகையில் வெளியிடுவது." வெளியிடுவது என்ற பகுதியை வெட்டச் சொல்வார்கள், விடாதீர்கள்.

கூரை வேலை ஜனவரி பிப்ரவரியில், பினாங்கில் மழை குறைந்திருக்கும் சமயத்தில். இரண்டு விலைப்பட்டியல் கையில் இருக்கிறது. ஒன்றில் கழுவும் செலவு இல்லை, இன்னொன்றில் விரிசல் அடைப்பதே இல்லை. மொட்டைமாடிக் கசிவு பார்த்துப் பழக்கமுள்ள ஆள், ஜெலுத்தோங் பக்கம் வரக்கூடியவர், யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.